பின்னால் நின்ற அன்னபாக்கியம்

பெனிட்டாவின் கல்யாணத்தன்று காலை ஒன்பதே கால் மணிக்கு, பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப்போக வந்த கார் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது, பெண்ணின் அம்மா அன்னபாக்கியம் வீட்டு நிலைவாசலுக்கு உள்ளே பூத்தட்டோடு நின்றபடியே மங்கலானாள்; அதை அந்த நேரத்தில் யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் கல்யாண வீட்டில் பெண்ணின் அம்மாவை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

படம் எடுத்தவன் அவளுடைய சொந்தத் தம்பி சிகாமணி. எங்கள் ஊர் அளத்தங்கரையில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும், பூப்பெய்திய பிள்ளைக்கும், வேலைக்கு மனுப்போடுகிறவனுக்கும், இறந்துபோனவருக்கும் அவன்தான் படம் எடுத்தான், இருபது வருடமாக. அவனிடம் ஒரு கேமராவும் நான்கு லென்ஸும் இருந்தன. பந்தலுக்கு வைட், பந்திக்கு ஐம்பது, பலிபீடத்துக்கு டெலி, முகத்துக்கு எண்பத்தைந்து என்று அவன் பிரித்து வைத்திருந்தான். வைட் லென்ஸில் சின்ன வீடும் அரண்மனை மாதிரி விரியும், ஆனால் ஓரத்தில் நிற்கிறவர் தலை இழுபட்டுப்போகும். ஐம்பது கண்ணால் பார்க்கிறதை அப்படியே காட்டும், கூட்டவும் குறைக்கவும் செய்யாது. டெலி தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவரும், பின்னால் இருக்கிறதையும் சேர்த்து இழுத்து வந்துவிடும். எண்பத்தைந்தோ, வெளிச்சம் நுழைகிற துளையை முழுக்கத் திறந்து வைத்தால், யாரைப் பார்க்கிறதோ அவர் முகத்தை மட்டும் பளிங்காக எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் வெண்ணெய்போல் உருக்கிவிடும். அந்த எண்பத்தைந்தை அவன் மதுரையில் தொழிலை விட்ட ஒருவரிடமிருந்து வாங்கி வந்தது அக்கா மகள் கல்யாணத்துக்காகவே.

பெனிட்டா வெள்ளைச் சேலையும் முக்காடுமாக வாசலில் நின்றாள். கிழக்கு வெயில் அவள் கன்னத்தில் மட்டும் விழுந்தது. சிகாமணி குனிந்து கண்ணை வைத்தபோது, அவளுக்கு ஐந்தடி பின்னால் அக்கா நிற்பது தெரிந்தது.

"தம்பி, நானும் விழுதேனா? இல்ல தள்ளிக்கிடட்டா?" என்று கேட்டாள் அன்னபாக்கியம்.

"நில்லுக்கா, பரவால்ல. நீ பின்னால மங்கலாத்தான் விழுவ. அதுதான் படத்துக்கு அழகு."

"அப்ப சரி" என்று அவள் தட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். அவன் அழுத்தினான்.

அன்று முழுவதும் அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். ஓடுகிறவள் கலங்கலாகத் தெரிவதில் அதிசயம் ஒன்றுமில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் சாயங்காலம் ஓசூருக்குக் கிளம்பியபோது எல்லோரும் அழுதார்கள். அழுகிற கண்ணுக்கு எல்லா முகமும் ஒன்றுதான். மறுநாள் காலையில், காப்பித் தம்ளரை நீட்டிய கைக்கு மேலே பார்த்த அவள் புருஷன் மாசிலாமணி, உப்பளத்தில் முப்பது வருடம் வெள்ளை வெயிலைப் பார்த்துப் பார்த்துத் தன் கண்ணுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார். தம்ளர் தெளிவாக இருந்தது, அடுப்பும் சுவரில் தொங்கிய காலண்டரின் தேதியும் தெளிவாக இருந்தன. அவள் மட்டும், குளித்து முடித்த அறையில் கண்ணாடி மேல் படிகிற ஆவி மாதிரி நின்றாள்.

"என்ன அப்படிப் பாக்கீங்க?" என்று ஆவி கேட்டது.

"ஒண்ணுமில்ல, முகத்தத் தொடச்சுக்கிடு."

அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அன்றைக்கு முழுவதும் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடி கண் டாக்டர் மாசிலாமணியைச் சோதித்து, கண்ணில் குறையில்லை என்று சொல்லிவிட்டு, கூட வந்த அவளைப் பார்த்தவுடன் தன் சொந்தக் கண்ணாடியை மூன்று தடவை கழற்றித் துடைத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள்; ரத்தம் நல்ல சிவப்பாக, தெளிவாக இருந்தது. கோயிலில் ஒன்பது நாள் ஜெபம் சொன்னார்கள். பத்தாம் நாள் சுவாமியார் அவளைக் கூப்பிட்டு, "வலி ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்க, "வலி இல்ல சாமி. எல்லாரும் என்னயப் பாத்துக் கண்ணச் சுருக்குதாங்க, அதுதான் கொஞ்சம் கூச்சமா இருக்கு" என்றாள். அதற்கு மேல் என்ன கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு எப்படி இது நடந்தது என்று கேட்பதை ஊர் விட்டுவிட்டது, நடந்தபிறகு எப்படி இருப்பது என்பதில் அத்தனை வேலை இருந்தது.

தெருவில் சைக்கிளில் வருகிறவர்கள் அவளைப் புழுதி என்று நினைத்து மோத வந்தார்கள். ஆகவே அவள் எப்போதும் கிளிப்பச்சைச் சேலை கட்டுவது என்று ஏற்பாடாயிற்று. பச்சையாக ஒரு மூட்டம் வந்தால் அன்னபாக்கியம் வருகிறாள் என்று பஸ் டிரைவர் வரை தெரிந்துகொண்டார்கள். மீன் விற்கிற பெண்கள் குரலை வைத்து அவளை அடையாளம் கண்டார்கள். ரேஷன் கடையில் மிஷின் அவள் விரலைப் படிக்கவில்லை. பின்னால் வரிசையில் நிற்கிற ஏழெட்டுப் பேர் ஒரே குரலில் "அவங்கதான், அவங்கதான்" என்று சொன்னபிறகு அரிசி போட்டார்கள், அதுவே பழக்கமாகி, அவள் பேரைக் கேட்பதற்கு முன்பே வரிசை "அவங்கதான்" என்று முணுமுணுக்கத் தொடங்கிவிடும். பெண்கள் அவளிடம் வந்து உட்கார்ந்து, வேறு யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னார்கள்; கேட்கிற முகம் என்ன நினைக்கிறது என்று தெரியாதபோது சொல்வது சுலபமாக இருந்ததாம். அவளும் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் அழுதாளா, சிரித்தாளா, சலித்துக்கொண்டாளா என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

அதோடு ஊரில் இன்னொன்றும் நடந்தது. படத்தில் பின்னால் நிற்பதற்கு யாரும் சம்மதிக்கவில்லை. கல்யாணமோ காதுகுத்தோ, நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேரும் ஒரே வரிசையில், தோளோடு தோள் ஒட்டி, ஒருவர் மூக்கு இன்னொருவர் மூக்குக்கு முன்னால் போகாதபடி கயிறு பிடித்தாற்போல் நின்றார்கள். உப்பு மூட்டை தூக்குகிறவரும் சந்தையில் கருவாடு விற்கிறவளும் லென்ஸின் நம்பரைக் கற்றுக்கொண்டார்கள். சிகாமணி பையைத் திறந்தவுடன் "ஐம்பதா, எண்பத்தைந்தா?" என்று குரல் எழும். "ஐம்பதுதான்" என்று அவன் லென்ஸைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினால்தான் குழந்தைகளை இடுப்பில் ஏற்றுவார்கள். ஆனால் வேறு யாரும் மங்கவே இல்லை. புருஷன் அடிக்குப் பயந்த ஒருத்தி கடைக்கு வந்து, "அண்ணே, என்னயும் ஒருதரம் பின்னால நிறுத்தி எடுங்க, அந்த ஆளு கண்ணுக்குத் தெரியாமப் போயிருதேன்" என்று அழுதபோது, அவளைத் தேற்ற வழி தெரியாமல் அவன் எடுத்தும் பார்த்தான். படத்தில் மங்கினாள். வெளியே வந்து தெருவில் நடந்தபோது அவள் அடிபட்ட கன்னம் தூரத்திலிருந்தே தெரிந்தது.

சிகாமணி அந்த எண்பத்தைந்தைத் துணியில் சுற்றிப் பீரோவில் பூட்டிவிட்டு, மற்ற லென்ஸுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். ஐம்பதை வைத்துத் துளையைச் சிறிதாக்கினால் முன்னால் பின்னால் எல்லாம் தெளிவாக விழும் என்பது தொழிலில் முதல் பாடம். நிலைக்கதவின் ஆணி விழுந்தது, அவள் இடுப்புச் சாவி விழுந்தது, அவள் விழவில்லை. வைட் வைத்துப் பார்த்தான். அவள் இன்னும் சின்ன மூட்டமாகத் தூரப்போனாள். டெலியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தான். மூட்டம் பெரிதாகப் பக்கத்தில் வந்தது, அதோடு அவளுக்குப் பின்னால் இருந்த உப்புக் குவியல்களும் வந்தன.

பழைய படம் ஏதாவது இருந்தால் அதைப் பார்த்தாவது ஆறுதல் கொள்ளலாம் என்று தேடினார்கள். அப்போதுதான் தெரிந்தது, படக்காரன் அக்காவுக்கு ஒரு நல்ல படம் இல்லை என்று. பெனிட்டாவின் முதல் பிறந்தநாளில் அவள் குழந்தைக்குப் பின்னால் துணி பிடித்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் இருந்தது. கோயில் திருவிழாவில் பெரிய சப்பரம் சுற்றிவந்த அன்று திரும்பி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய சொந்தக் கல்யாணப் படத்தில் தலை குனிந்திருந்தது. வாக்காளர் அட்டையில் இருந்த முகம் ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். சிகாமணி ஆல்பங்களை மூடிவிட்டு, இருபது வருடமாக ஊர் முழுக்க முகம் முகமாக எடுத்தவன், கண்ணை மூடிக்கொண்டான். அக்கா எப்படி இருப்பாள் என்று நினைத்துப் பார்த்தான். குரல் வந்தது, நடை வந்தது, தலைக்கு வைக்கிற எண்ணெயின் வாசனை வந்தது. முகம் வரவில்லை.

கோவில்பட்டியில் பூச்சிகளைப் படம் எடுக்கிற கூட்டாளி ஒருவன் இருந்தான். எறும்பின் கால்மயிரைக்கூட எண்ணிவிடுகிற மேக்ரோ லென்ஸ் அவனிடம் இருந்தது. அதை இரவல் வாங்கி வந்து, அக்காவை ஜன்னலோரம் உட்காரவைத்து, மூச்சு படுகிற தூரத்தில் லென்ஸைக் கொண்டுபோனபோது, முதல் தடவையாக ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அவள் இடது புருவத்தில் நான்கு மயிர். நான்குதான். அதற்குச் சற்று முன்னாலும் சற்றுப் பின்னாலும் எல்லாம் பனி. அந்த லென்ஸ் ஒரு நூல் அளவுக்குத்தான் தெளிவைத் தரும்.

"அக்கா! புருவம் தெரியுது!"

"நரைச்சிருக்காடே?"

"ஒண்ணு நரைச்சிருக்கு."

அவள் சிரித்தாள் என்று நினைக்கிறோம், மூட்டம் குலுங்கியது.

அன்றிலிருந்து தினமும் மதியம் இரண்டு மணிக்கு அவன் போனான், நூல் நூலாக அவளை எடுத்தான். காது மடலில் ஒரு நூல், உதட்டில் ஒரு நூல், கண்ணுக்குக் கீழே கருப்பில் ஒரு நூல். அறுநூறு படம் சேர்ந்தபிறகு, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முகம் பண்ணினான். இப்படிப் பூச்சிகளைப் பண்ணுவது உண்டு. பூச்சி செத்துக் கிடக்கும், அசையாது. படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாசிலாமணியின் கையில் கொடுத்தபோது தெருவே வீட்டுக்குள் வந்து நின்றது. அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, மறுபடி பிடித்துப் பார்த்தார். வலது கண் ஒரு திங்கட்கிழமையின் கோபத்தில் இருந்தது, இடது கண் வேறொரு நாளின் தூக்கத்தில். உதட்டின் ஒரு முனை ஏதோ சொல்லவந்தது, மறுமுனை சொல்லி முடித்திருந்தது. ஒவ்வொரு நூலும் அவளுடையதுதான்.

"இது யாருல?" என்றார் மாசிலாமணி. பிறகு, மைத்துனனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பொம்பளய எனக்குத் தெரியாது" என்றார். படத்தைக் கவிழ்த்துப் பாயின்மேல் வைத்தார்.

இத்தனையும் பெனிட்டாவுக்குத் தெரியாது. ஓசூரிலிருந்து போனில் பார்த்துப் பேசும்போதெல்லாம் அம்மா மங்கலாகத் தெரிந்ததற்கு அவள் சிக்னலைத் திட்டினாள். "கடற்கர ஊருல டவர் சரியில்லம்மா" என்பாள். "ஆமா மக்கா, டவர் சரியே இல்ல" என்பாள் அன்னபாக்கியம். ஊரே சேர்ந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றியது. ஏழாம் மாதம் பிரசவத்துக்காக அவளைக் கூட்டி வந்தபோது, பஸ் நிறுத்தத்தில் பச்சை மூட்டம் ஒன்று "ஏ பெனி!" என்று கையை விரித்துக்கொண்டு வருவதைப் பார்த்து, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் ஸ்டுடியோவுக்கு வந்து, கவுண்டரில் கையை ஊன்றி நின்றாள்.

"மாமா, அன்னைக்கு எதை வச்சு எடுத்தீங்க?"

"எண்பத்தைந்து."

"தெளிவு யாரு மேல வச்சீங்க?"

அவன் கவுண்டரில் கிடந்த லென்ஸ் மூடியை எடுத்துத் துடைத்தான்.

"எம்மேல வச்சீங்க. அம்மா பின்னால நின்னா. அப்ப அதே வாசல்ல, அதே லென்ஸுல, அம்மா முன்னால நிக்கட்டும், நான் பின்னால நிக்கேன். அம்மா மேல வைங்க."

"நீ மங்கிட்டன்னா?"

"அது எம்பாடு."

"வயித்துல பிள்ளை இருக்குடி."

"அதுக்கு அம்மாச்சி முகம் வேண்டாமா?" என்றாள்.

அன்னபாக்கியம் முடியவே முடியாது என்றாள். பெனிட்டா சாப்பிடமாட்டேன் என்றாள். பிள்ளைத்தாச்சிப் பெண் ஒருநாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தபோது தாய்க்கு வேறு வழி இருக்கவில்லை. மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு, கிழக்கு வெயில் நிலைவாசலில் விழுந்த நேரத்தில், இருவரும் வாசலில் நின்றார்கள். தாய் முன்னால், மகள் ஐந்தடி பின்னால். தெருவில் நாங்கள் எல்லோரும் நின்றோம், யாரும் யாருக்கும் பின்னால் இல்லாமல், ஒரே வரிசையில். மாசிலாமணி மட்டும் பார்க்கமாட்டேன் என்று உப்பளத்துக்குப் போய்விட்டார்.

சிகாமணி துணியைப் பிரித்து எண்பத்தைந்தை மாட்டினான். முதலில் துளையைச் சிறிதாக்கி, இருவரும் சேர்ந்து தெளிவாக விழுவார்களா என்று கடைசி ஆசையாகப் பார்த்தான். பெனிட்டா விழுந்தாள், மூட்டம் மூட்டமாகவே நின்றது. பிறகு முழுக்கத் திறந்தான். மூட்டத்தில் கண் எங்கே இருக்கும் என்று குத்துமதிப்பாக வைத்து, பட்டனைப் பாதி அழுத்தினான்; பாதி அழுத்தினால் தெளிவு நிற்கும், முழுக்க அழுத்தினால்தான் படம் விழும்.

லென்ஸுக்குள் ஏதோ கிர்ரென்று சுழன்று நின்றது. அங்கே அக்கா இருந்தாள்.

பத்து மாதத்துக்குப் பிறகு முழுசாக, நேராக, அவனையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. எங்களுக்கு வாசலில் பச்சை மூட்டம்தான் தெரிந்தது. கேமராவுக்குள், அந்தச் சின்னச் சதுரத்துக்குள், அவனுக்கு மட்டும் அவள் தெரிந்தாள்.

"தெரியுதா தம்பி?"

"தெரியுதுக்கா."

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"அவ எப்படி இருக்கா?"

அவன் அப்போதுதான் சதுரத்துக்குள் அவளுக்குப் பின்னால் பார்த்தான். பெனிட்டாவின் கன்னமும் கண்ணும் வயிற்றின் வளைவும் உருகிக்கொண்டிருந்தன, நனைந்த தாளில் எழுத்து உருகுவது மாதிரி. விரலை எடுத்தால் அக்கா போய்விடுவாள். அழுத்தினால் அந்தப் பிள்ளையும் அதற்குள் இருக்கிற பிள்ளையும் போய்விடுவார்கள். அவன் எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, அதைத் துடைக்கவும் கை இல்லை.

"அழுத்துங்க மாமா!" என்று பின்னாலிருந்து பெனிட்டா கத்தினாள். "என்ன யோசிக்கீங்க, அழுத்துங்க!"

"மங்குதாளா?" என்று அன்னபாக்கியம் மெதுவாகக் கேட்டாள்.

அவன் தலையை மட்டும் அசைத்தான்.

அந்த லென்ஸ் திறந்திருக்கும்போது ஒரு அடி நகர்ந்தாலும் தெளிவு போய்விடும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அன்னபாக்கியம் தம்பியைப் பார்த்து ஒரு அடி முன்னால் வந்தாள். சதுரத்துக்குள் அவள் முகம் அகன்று, கலைந்து, பச்சையாக நிறைந்துவிட்டது. அவன் விரல் தானாகத் தளர்ந்தது. ஷட்டர் சத்தம் எங்களுக்குக் கேட்கவே இல்லை; அவன் படம் எடுக்கவில்லை.

பெனிட்டா அன்றைக்கு மாமாவைத் திட்டினாள், அம்மாவைத் திட்டினாள், பிறகு அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். கூட்டம் கலைந்தது. சந்தைக்குப் போகிறவர்கள் சந்தைக்குப் போனார்கள்.

நடுமதியம், வெயில் தெருவை வெள்ளையாக்கியிருந்த நேரத்தில், மாசிலாமணி காலில் உப்போடு ஸ்டுடியோவுக்கு வந்தார். சிகாமணி விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

"பாத்தியாமே?" என்றார் அவர்.

"பாத்தேன் அத்தான்."

"எப்படி இருந்தா?"

சிகாமணி வாயைத் திறந்தான். இருபது வருடமாக முகத்தைத் தவிர வேறொன்றும் படிக்காதவன், நெற்றி இப்படி, கண் இப்படி, தாடை இப்படி என்று சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தான். ஆனால் காலையில் அத்தனை தெளிவாகப் பார்த்தது இதற்குள் ஓரம் ஓரமாகக் கரைய ஆரம்பித்திருந்தது. இதுதான் என்று ஒன்றைப் பிடிக்கப்போனால் அது நழுவிற்று.

"அக்கா... அக்கா மாதிரியே இருந்தா, அத்தான்."

மாசிலாமணி தலையாட்டினார். ஃபோட்டோவுக்கு உட்காருகிறவர்களின் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மைத்துனனுக்கு எதிரே உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"மெல்ல யோசிச்சுச் சொல்லு" என்றார். "எனக்கு ஒரு அவசரமும் இல்ல."